மூடி திறக்காத நத்தை

நத்தை மூடியைத் திறப்பதாக இல்லை.

விஞ்ஞான ஆசிரியர் இரத்தினசிங்கம் கண்ணாடித் தட்டின் மேல் குனிந்து பார்த்தார். இன்று பாடம் நன்றாக நடந்தால் அவர் ஆசிரிய ஆலோசகர். இல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓர்ஸ் ஹில் பாடசாலையில் இதே வகுப்பு. மதிப்பிட வந்த பஸ்மியா மேடம் பின்வரிசைக் கதிரையில் இருந்தார்.

"பிள்ளைகள், உருண்டை ஓடு, வலப்பக்கம் வாய், வாயை அடைக்க ஒரு மூடி. ஆகவே இது வயல் நத்தை. மெல்லுடலி, வயிற்றுக்காலி வகுப்பு. செவுளும் இருக்கு, நுரையீரலும் இருக்கு. இப்ப பாதத்தை வெளியில நீட்டும், பாருங்கோ."

நீட்டவில்லை.

"குழாய்த் தண்ணியில குளோரின். அதுதான் கோவிச்சிட்டுது."

கிணற்றுத் தண்ணீர் வந்தது. ஊற்றியதும் மூடி இன்னும் ஒரு நூல் உள்ளே போனது.

"குளிருது போல."

இளஞ்சூட்டு நீர் ஊற்றினார். மேலும் ஒரு நூல். வல்லாரை இலை வைத்தார். நத்தை அசையவில்லை, வகுப்புத்தான் சிரித்தது. இரத்தினசிங்கத்துக்கு அவமானத்தில் காது சுட்டது.

தர்சிகா கையை உயர்த்தினாள். "சேர், கொஞ்சம் உப்புப் போட்டுப் பாப்பமா?"

"உப்போ! நன்னீர் நத்தைக்கு உப்பு நஞ்சு பிள்ளை. இரும்!"

"எங்க எடுத்தது, சேர்?" பஸ்மியா மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"குறிஞ்சாக்கேணி வயல், மேடம். எங்கட ஆய்வுகூட உதவியாளர் முனீப் கொண்டு வந்தவர்."

"அவர் சொன்னவரோ?"

"கேக்க என்ன இருக்கு? ஓட்டைப் பாத்தாலே தெரியும்."

காலையில் முனீப் வாயைத் திறக்குமுன்பே நத்தையைப் பறித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடியவர் இரத்தினசிங்கம். முனீப் பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

இப்போது அந்த முனீப்பே ஒரு போத்தலுடன் மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"சேர், அப்பவே சொல்ல வந்தனான். வயல் காஞ்சு கிடந்தது. இது கடற்கரையில, படகு ஜெட்டியில, மீன் வலைக்குள்ள வந்தது, நல்ல தண்ணி இதுக்கு ஏலாது. இந்தாங்க, கடல் தண்ணி."