புகார்ப் பெட்டியின் உண்மை வரலாறு, அதை ஆரம்பித்தவனே எழுதியது

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மிக்ஸி முதலான சகலமும் பழுது பார்க்கும் கடையின் உரிமையாளர் கைகூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவியும் அக்கா மகளும் நலம். பழுதுக்கு வந்து வாசல்வரை நிற்கும் மெஷின்களும் நாளைக்குள் நலமாகிவிடும்.

விஷயம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வரப்போகிறது. பதின்வயதுப் பிள்ளைகள் தங்கள் மனக்கஷ்டத்தை எழுதி, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் இணையதளம் ஒன்று இந்த ஊரில் எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்கிற வரலாறு அது. அதற்காகத் தங்கள் நிருபர் பெண் என் கடைக்கு வந்தார். என் அக்கா மகளிடம் சாயங்காலம் முழுக்கப் பேசினார். என்னிடம் ஒரு டீ ஆறுகிற நேரம் பேசினார், அதிலும் பாதி நேரம் சர்க்கரை போதுமா என்பதிலேயே போய்விட்டது. இப்படி விசாரித்தால் வரலாறு என்ன லட்சணத்தில் வரும்? ஆகையால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி அனுப்புகிறேன். பிழை இருக்காது. நான் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அவர்களுக்குத் தெரியவில்லை.

என் அக்காவும் அத்தானும் வேலைக்காக வெளியூர் போனபோது மகளை எங்களிடம் விட்டுப் போனார்கள். வீட்டில் அவளைக் குட்டி என்போம். அப்போது பத்தாம் வகுப்பு. வந்த புதிதில் யாரோடும் பேச மாட்டாள், கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண்ணுக்குப் பொழுது போகட்டும் என்று நான்தான், கடைக்கு ஓர் இணையதளம் செய்து கொடு என்றேன். (தன் யோசனை என்று தங்கள் நிருபரிடம் சொல்லியிருப்பாள், எழுத வேண்டாம்.) அதில் ஒரு புகார்ப் பெட்டி வைத்தோம். இயந்திரம் எது, வயது என்ன, கோளாறு என்ன, எப்போதிலிருந்து, சத்தம் வருகிறதா என்று ஐந்து கேள்வி. ஐந்தும் என் சொந்தக் கேள்விகள், உலகத்தில் எந்தக் கம்பெனியும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. மழை பெய்த ஒருநாள் அதில் ஒரு புகார் வந்தது. இயந்திரம்: வேறு. வயது: பதினான்கு. கோளாறு: வகுப்பில் யாரும் என்னோடு பேசுவதில்லை. எப்போதிலிருந்து: வீடு மாறியதிலிருந்து. சத்தம்: வராது, தலையணையில் முகத்தை வைத்துக்கொள்வேன்.

"மாமா, இது மெஷின் இல்ல, யாரோ ஒரு புள்ள" என்றாள் குட்டி, பயந்துபோய்.

"அது தெரியாமலா இருக்கேன்? தள்ளு, பதில் போடுறேன்."

"மாமா, வேணாம். பெரியவங்க யாரையாவது கேட்டுட்டு..."

"நான் என்ன தொட்டில்லயா கிடக்குறேன்? தள்ளுடி."

எனக்கு ஒரே பாஷைதான் தெரியும், அதில் எழுதினேன்: "இடம் மாற்றிய உருப்படி கொஞ்ச நாள் ஆடத்தான் செய்யும். உருப்படியில் குறை இல்லை, தரை புதிது. எடுத்த எடுப்பில் முழு லோடு போட வேண்டாம், அரை லோடு போதும். ஒருவரோடு ஒரு வார்த்தை. நாளைக்கு எப்படி ஓடியது என்று எழுதவும்." மறுநாள் பதில் வந்தது: "அரை லோடு போட்டேன். பேனா கேட்டேன். கொடுத்தாள்." ஆசிரியர் ஐயா, நான் பெரிய பெரிய ஹோட்டல்களின் ஃபிரிட்ஜை எல்லாம் ஒற்றை ஆளாக எழுப்பி நிறுத்தியவன், அந்த ஹோட்டல்காரர்கள் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள் (போட வந்தார்கள், நான் மறுத்தேன்), அன்றைக்கு அந்த நாலு வார்த்தையைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் அடுத்த கடை டெய்லர் ஊசியைக் கையில் குத்திக்கொண்டார்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நான் சரி பண்ணிவிட்டேன் என்று நானே புகாரை மூடக்கூடாது. கொண்டுவந்தவர் கண்ணெதிரே ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்டி, அவர் வாயால் "சரி" என்ற பிறகுதான் மூட வேண்டும். அதே சட்டம்தான் இங்கேயும். அந்தப் பிள்ளை "சரி" என்கிறவரை தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் "இன்றைக்கு எப்படி ஓடுகிறது?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்ல, அது இன்னொன்றுக்குச் சொல்ல, பெட்டி நிரம்ப ஆரம்பித்தது. ஒரு பிள்ளையின் புகாருக்கு வேறொரு பிள்ளை "நான் பார்க்கிறேன்" என்று எழுதி எடுத்துக்கொள்ளும், சரியாகிறவரை விடாது கேட்டுக்கொண்டிருக்கும். இந்த வழக்கம் இன்றைக்கு லட்சம் பேரிடம் போயிருக்கிறது. லட்சம் எல்லாம் இல்லை, ஆயிரத்துச் சொச்சம்தான் என்று என் மனைவி அடுப்படியிலிருந்து சொல்கிறாள், அவளுக்குக் கணக்கு வராது.

ஏன் பழுதுக் கடையைத் தேடி வருகிறார்கள் என்று ஒருமுறை குட்டியிடம் கேட்டேன். "இந்தப் பக்கத்தை எந்த அப்பா அம்மாவும் எட்டிப் பார்க்க மாட்டாங்க, மாமா. ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தாலும், வாஷிங் மெஷின் கடைன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க" என்றாள். என் தொழிலை இப்படி அவமானப்படுத்திவிட்டாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

வரலாறு என்றால் சறுக்கல்களையும் எழுத வேண்டும், அதில் நான் ஒளிவு மறைவு இல்லாதவன். ஒரு வீட்டுக்கார அம்மா நிஜமாகவே மெஷின் புகார் எழுதினார்: "திடீர் திடீரென்று தண்ணீர் கொட்டுகிறது, எங்கிருந்து என்றே தெரியவில்லை, வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை." நான் ஹோஸ் மாற்றக் கிளம்புவதற்குள் பிள்ளைகள் புகுந்துவிட்டார்கள். கொட்டட்டும் விடுங்க, அடக்காதீங்க, நாங்க இருக்கோம் என்று முப்பது பதில். தலையில் கை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து, "ஹோஸ் கெடக்கட்டுங்க, முதல்ல உக்காருங்க" என்று சொல்லி, பதில் ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டினார். கண் சிவந்திருந்தது. இன்றைக்கு வரைக்கும் அந்தப் புகாரை அவர் மூட விடவில்லை, ஹோஸ் மாற்றியும்.

இன்னொரு சறுக்கல், அது முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரின் தப்பு. வருடக் கடைசியில் கடையைக் கழுவி விடுகிற மாதிரி இணையதளத்தையும் சுத்தம் பண்ணுவோமே என்று உட்கார்ந்தேன். பழைய புகார்கள் குவிந்து கிடந்தன, ஒரு பொத்தானை அமுக்கினேன். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் "உங்கள் கோளாறு தீர்க்கப்பட்டது, நன்றி" என்று செய்தி போய்விட்டது. அப்புறம் வந்தது பாருங்கள்! தீரலையே, யார் தீர்த்தது, எனக்குத் தெரியாம எப்பத் தீர்ந்துச்சு என்று கடைக்குள் இடி இறங்கின மாதிரி. குட்டி என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒவ்வொண்ணா திறங்க மாமா" என்றாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு பிள்ளைக்கும் "மூடவில்லை, திறந்தே இருக்கிறது" என்று அடித்தேன். சாப்பாட்டை என் மனைவிதான் ஊட்டி விட்டாள், கை ஒழியவில்லை.

அப்புறம் ஆலோசகர் அம்மா. மருத்துவமனையில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர், டிரையர் பழுதென்று வந்தவர். காத்திருந்த நேரத்தில் குட்டியின் தோளுக்கு மேலே திரையைப் பார்த்தார், டிரையரை மறந்துவிட்டார். அவரை நான்தான் நியமித்தேன் என்று போடவும். கனமான புகார் எதுவும் நேரே அவரிடம் போக வேண்டும், மாமா கை வைக்கவே கூடாது என்று சட்டம் போட்டார். பொறாமை என்று நான் சொல்ல மாட்டேன். ஒருதடவை அப்படி ஒன்று வந்தபோது அவரும் குட்டியும் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை ஃபோனும் கையுமாக நின்றதைப் பார்த்தேன். அன்றைக்கு நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகவில்லை, வந்த வாடிக்கையாளரைக் கையைக் காட்டியே திருப்பி அனுப்பினேன். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது கல்லூரியில் படிக்கிறது, புதிதாக வருகிறவர்களிடம் "நான் பார்க்கிறேன்" என்று அதுதான் முதலில் எழுதும்.

இனி வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். தங்கள் நிருபரை ஃபோன் போட்டு அழைத்தவன் நான். குட்டி இப்போது படித்து முடித்து, பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை, மாலையில் இங்கே. கடைப் பெயர் போடாமல் எழுதுங்கள் என்றுதான் நிருபரிடம் மன்றாடியிருக்கிறாள். நான் பெயரும் படமும் கண்டிப்பாக வேண்டும் என்றேன். அன்றைக்கு வீட்டில் பாத்திரம்தான் உருளவில்லை.

"மாமா, அது ஒளிஞ்சுக்குற இடம். அதுக்குப் போய் போர்டு மாட்டுறீங்களே!"

"நல்ல காரியம் ஏம்மா ஒளியணும்? நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலாயிரம் புள்ள வரும்."

"புள்ளைங்க வர மாட்டாங்க. அப்பா அம்மாதான் வருவாங்க."

"வரட்டுமே! வந்து நம்மளப் பாராட்டட்டும்!"

"ஏங்க, பாராட்டு வேணும்னா நான் தர்றேன், தட்டைக் கழுவி வையுங்க" என்று என் மனைவி நடுவில் புகுந்தாள். அந்த அளவுக்கு எனக்கு எதிர்ப்பு. ஆசிரியர் ஐயா, தாங்களே சொல்லுங்கள். இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான், யாரும் பார்க்கக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? ஆகவே கட்டுரையில் கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும், தெரு, கதவு எண், இணையதள முகவரி எதுவும் விட்டுப்போகக்கூடாது. "நிறுவனர்" என்று என் படத்துக்குக் கீழே எழுத வேண்டும். படத்தில் என் பக்கத்தில் இருக்கிற ஃபிரிட்ஜை வெட்டிவிடலாம், என்னை வெட்ட வேண்டாம்.

தங்கள் கை நீண்டு எழுத, பத்திரிகை வீடு வீடாகப் போய்ச் சேர, தங்கள் வீட்டு மெஷின் ஒருநாளும் நில்லாமல் ஓட என் வாழ்த்துகள். நின்றால் சொல்லி அனுப்பவும்.

இப்படிக்கு,
நிறுவனர், உரிமையாளர் மற்றும் தலைமை மெக்கானிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் பிள்ளை கடைக்கு வந்தது. கையில் இஸ்திரிப் பெட்டி. மாட்டிப் பார்த்தேன், ஜம்மென்று சூடானது.

"இதுல ஒரு கோளாறும் இல்லையேம்மா."

"தெரியும்" என்றது. அப்புறம், சுவரில் தொங்குகிற ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டே, "பேப்பர்ல வரப்போகுதாமே, மாமா?"

மாமா என்றதும் யார் என்று புரிந்துவிட்டது, பெட்டியில் எழுதுகிற பிள்ளைகள்தான் என்னை அப்படிக் கூப்பிடும். "ஆமா! ஞாயித்துக்கிழமை! என் படத்தோட!" என்றேன்.

"எங்க வீட்ல அந்தப் பேப்பர்தான் வாங்குறோம். அப்பா ஒரு வரி விடாம படிப்பாரு." இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றிச் சுற்றி வைத்தது. "அப்புறம் நான் எங்க எழுதுறது?"

ஐயா, எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கும். இல்லாவிட்டால் உண்டாக்கிவிடுவேன். அந்தப் பிள்ளை நின்றுகொண்டே இருந்தது, நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

ஆகையால் மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். கட்டுரையும் வேண்டாம், நிருபரிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்லவும், டீ என் கணக்கு. இணையதளம், பிள்ளைகள், குட்டி, ஆலோசகர் அம்மா, ஒரு எழுத்து வரக்கூடாது. அத்தனை பெரிய பக்கம் காலியாகக் கிடக்குமே என்று தங்களுக்குக் கஷ்டமாக இருந்தால், என் கடையைப் பற்றி நான் சொல்கிறபடி போட்டுக்கொள்ளுங்கள்: வேலை சுத்தமில்லை, சொன்ன தேதிக்குத் தருவதில்லை, இணையதளம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அது திறப்பதே இல்லை, பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் போய் நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். என் படத்தையும் வேண்டுமானால் போடலாம், பெரிதாகவே. பக்கவாட்டில் எடுத்தது ஒன்று இருக்கும், அதையே போடவும். அதில்தான் நான் அசல் ஏமாற்றுக்காரன் மாதிரி இருக்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள்.