பூரணி வேண்டாமென்ற கல்மேடை

ஐம்பத்துநாலு வயதில் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கென்று ஓர் இராச்சியம் வேண்டும். நீளம் நான்கு மீற்றர், அகலம் மூன்று.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், ரூ காய் தெருவுக்குப் பின்பக்கத்துப் பழைய கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறோம். குசினிக் கதவைத் திறந்தால் எங்களுக்கே சொந்தமான முற்றம், ஏழடிப் பள்ளத்தில். வெயில் அங்கே இறங்காது. பக்கத்து மதிலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஆகவே குசினித் தரை மட்டத்துக்கு இரும்புத் தூண்களில் ஒரு மேடை. அதில் ஒரு கதிரை. கதிரையில் நான். ஞாயிறு காலையில் கொஞ்ச நேரம் தனியே இருக்க வேண்டும். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். அதையும் என் மனைவி பூரணியிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. காற்றோட்டத்துக்கு என்றேன்.

கட்டட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் வந்த அன்றே சண்டை தொடங்கியது.

“பலகை அடியுங்கோ,” என்றாள். “கல்லு வேண்டாம்.”

“பலகை இந்த மழைக்கு ஊறிப் போகும்.”

“கல்லு வழுக்கும்.”

“சொரசொரப்பான கருங்கல் போடுறன்.”

“பாரம் தாங்காது. உங்கடை கணக்கை நம்பி நான் அதிலை கால் வைக்கமாட்டன்.”

ஒபர்வில்லியேயில் ஒரு கல்லுக் கிடங்கில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவன் நான். இரும்பு ஒட்டும் மடுத்தீன் அண்ணை நான்கு தூண் காணும் என்றார். எட்டு என்றேன்.

“தம்பி, ஆனை கட்டப் போறீரோ?”

“கட்டினாலும் தாங்கவேணும் அண்ணை. அவ பார்க்கட்டும்.”

தெருக்கதவால் முற்றத்துக்கு வந்து மேடைக்கு ஏறும் படி ஒரு ஆளுக்குக் காணும் என்றாள். இரண்டு பேர் பக்கம் பக்கமாக ஏறும் அகலத்தில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று மெட்ரோவில் நின்றபடி பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் வேண்டாம் என்றதையெல்லாம் விட்டுவிட்டால் அந்த வீட்டில் நான் யார்?

கற்களைச் சீமெந்தில் பதிக்கவில்லை. உயரம் கூட்டிக் குறைக்கும் சின்னக் கால்களில் வைத்து, மழைநீர் வடிய இடைவெளி விட்டேன். ஒவ்வொரு கல்லிலும் ஏறி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பூரணி கதவில் சாய்ந்து, என் முகத்தை அல்ல, என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல் அசைந்தாலும் ஆயுளுக்கும் கேட்கவேண்டி வரும். அசையவில்லை.

“பரவாயில்லை,” என்றாள். அவள் வாயிலிருந்து வந்த இரண்டாவது பாராட்டு. முதலாவது என் தம்பிக்கு.

முதல் ஞாயிறு. கதிரையைப் போட்டு இருந்தேன். வெயில் முகத்தில் விழுந்தது. பதினொரு நிமிடம் விழுந்தது.

படியில் காலடிச் சத்தம். மடுத்தீன் அண்ணையின் மனைவி பேர்ளி காஸ் அடுப்போடு ஏறி வந்தா. பக்கத்தில் அவவின் சிநேகிதி அந்தோணியம்மாள், பெரிய தாச்சிச் சட்டியோடு. பின்னால் இரண்டு இரண்டு பேராக, மிளகாயும் மல்லியும் பைபையாகத் தூக்கிய பெண்கள். பத்துக்கு மேல் நான் எண்ணவில்லை.

“பூரணி, என்ன இது?”

“கறித்தூளுக்கு வறுக்கப் போறம். வீட்டுக்குள்ளை வறுத்தால் புகைமணி அடிக்குது. போனமுறை பேர்ளி வீட்டுக்குப் பொம்பியே நெருப்பணைக்க ஏணியோடை வந்தவங்கள்.”

“நீர் பலகையெல்லோ கேட்டனீர்?”

“பலகையிலை அடுப்பு வைக்கேலுமே?”

“அப்ப ஏன் கேட்டனீர்?”

“கல்லு எண்டு கேட்டிருந்தால் பலகை அடிச்சிருப்பியள்.”

பேர்ளி சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடினா. பாவம், சேலையில்லை, குளிர் ஜாக்கெட் போட்டிருந்தா. நான் எழும்பினேன். அந்த ஒரு நொடியில் அந்தோணியம்மாள் கதிரையில் இருந்துவிட்டா. முதல் மிளகாய் தாச்சியில் விழுந்தது. எனக்குத் தும்மல் வந்தது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் பூரணி, அகப்பையால் முற்றத்தைக் காட்டி. “இவ்வளவு பேரும் ஏறி நிக்கிறம். நீங்கள் கீழை போய்த் தூணடியிலை நில்லுங்கோ. ஆடினால் சத்தம் போடுங்கோ.”

போய் நின்றேன்.