பிளக்கக் கழட்டியும் கத்தின மீட்டர்

போன கிழம ஹாஜியார் எனக்குத் தந்தது சின்ன வேல. எக்ஸ்ரே மெஷினச் சுத்தி மீட்டரப் பிடிச்சுப் பாக்கோணும். அவ்வளவுதான்.

நான் வேல செய்யிறது கல்முனைப் பக்கம் ஒரு மீன் கம்பனில. ஹாஜியார்தான் முதலாளி. மீன் பெட்டியெல்லாம் பெல்ட்டுல போய் ஒரு இரும்புக் கூட்டுக்குள்ள நுழையும். உள்ளுக்க எக்ஸ்ரே. மீனுக்குள்ள தூண்டில் முள்ளு கிடந்தாக் காட்டிக் குடுக்கும். கதிர் வெளிய கசியுதா எண்டு இடைக்கிட மீட்டரால பாக்கோணும்.

அதுக்குக் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனவன் நான் மட்டுந்தான். அங்க படிச்சதுல எனக்கு நல்லா ஞாபகம் இரிக்கிறது, பகல் தந்த புரியாணி.

கூட வந்தவர் சபீர் காக்கா. பெட்டி கட்டுற பகுதிக்குப் பொறுப்பான மனுசன்.

"நான் டோர்ச் பிடிக்கிறன் தம்பி" எண்டார்.

மீட்டரப் போட்டன்.

டிக்டிக்டிக்டிக்டிக்!

கதவடில வெச்சன். கத்துது. பின்னால வெச்சன். கத்துது. தூரத்துச் சுவர்ல வெச்சன். அங்கயும் கத்துது!

"தம்பி, இது நல்லதா கூடாததா?"

"காக்கா, நாம மௌத்து. செத்தம்."

நான் போட்ட சத்தத்துல மீன் வெட்டின பொம்புளையள் எல்லாரும் கையுறையோட ரோட்டுக்குப் போயிட்டாங்க. ஹாஜியார் ஓடி வந்தார்.

"ஐஸ் கரையுதுடா!"

"மீனா ஹாஜியார் முக்கியம்? உசிரு!"

"பின்னேரம் லொறி வருது. ரெண்டும் முக்கியம்."

கொழும்புல படிப்பிச்ச சேருக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டன்.

"முதல்ல மெஷின ஓஃப் பண்ணினீங்களா?"

அத நான் செய்யல்ல. செஞ்சன்.

"இன்னும் கத்துது சேர்!"

"பிளக்கக் கழட்டுங்க."

கழட்டினன். கத்துது!

சேர் சொன்னார், "தம்பி, அந்த மெஷினுக்குள்ள எக்ஸ்ரே வாறதே கறண்டாலதான். கறண்டு போனா லைட் மாதிரி அதுவும் போயிரும். வகுப்புல சொன்னேனே."

புரியாணிக்குப் பொறகு சொல்லியிருப்பார்.

சபீர் காக்காக்கு என்னப் பாக்கப் பாவமாப் போச்சு. "இரி, தண்ணி கொண்டு வாறன்" எண்டு வெளிய போனார்.

மீட்டர் அடங்கிச்சு.

தண்ணியோட வந்தார். கத்திச்சு.

"காக்கா, ஒருக்கா வெளிய போங்க."

போனார். அடங்கிச்சு.

"இப்ப வாங்க."

டிக்டிக்டிக்!

அவர்ட கழுத்தடில மீட்டரப் பிடிச்சன். ட்ர்ர்ர்ர்! ஹாஜியார் சத்தமில்லாம பின்னுக்குப் போனார்.

"என்ன காக்கா திண்டீங்க?"

"முந்தாநாள் தைரொயிட்டுக்கு ஆஸ்பத்திரில ஒரு குளிசை தந்தாங்க. கதிர் உள்ள குளிசையாம். கொஞ்ச நாளைக்குச் சின்னப் புள்ளயளுக்குக் கிட்டப் போகவேணாம் எண்டாங்க."

"அப்ப ஊட்டுல இரிக்கிறதானே!"

"ஊட்டுலதானே புள்ளயள்? மகள்ட அஞ்சும் என்ட மடியிலதான் கிடக்கும். அதான் வேலைக்கு வந்தன்."

சேர் ஃபோன்ல சிரிச்ச சத்தம் எல்லாருக்கும் கேட்டிச்சு. "பயப்பட ஒண்டுமில்ல. அவரக் கொஞ்ச நாள் எல்லாருக்கும் தள்ளி வெச்சிரிங்க."

ஹாஜியார் காக்காக்கு மேல்மாடியில தனி அறையும் சம்பளத்தோட லீவும் குடுத்தார். பொம்புளையள் திரும்ப வந்தாங்க. மீனும் ஐஸும் தப்பிச்சு.

மறுகா மெஷினப் போட்டு முழுக்க அளந்தன். மீட்டர் வாயே தொறக்கல்ல.

"மெஷின்ல கசிவு இல்ல" எண்டு எழுதிக் குடுத்தன். காக்காவப் பத்தி ஆரும் கேக்கல்ல.