காக்கி வேண்டுதல்

"ராஜா போயாச்சு அண்ணாச்சி. மந்திரியும் போயாச்சு. போலீஸ் ஒண்ணுதான் கெடக்கு. அதுவும் இடுப்பு சின்னது."

தசரா வேஷத் துணிகளை வாடகைக்கு விடும் கடைக்காரர் காக்கி பேன்ட்டை மேசைமேல் போட்டார். சுடலைக்கண்ணு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போட்டுப் பார்த்தான். ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. பொத்தானும் அதன் ஓட்டையும் பகையாளிகளைப் போல எட்ட நின்று முறைத்துக்கொண்டன.

"வேற என்ன இருக்கு?"

"கரடி இருக்கு. இந்த வெயிலுக்குத் தாங்குவீகளா?"

காக்கியே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டான்.

குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி, வீதி வீதியாகக் காணிக்கை கேட்டு, அதைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் சேர்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளை வரத்துக்கு நேர்வார்கள், கல்யாணத்துக்கு நேர்வார்கள், துபாய் விசாவுக்கும் நேர்வார்கள். சுடலைக்கண்ணுவின் வேண்டுதல் மட்டும் அம்மனே இதுவரை கேட்டிராதது.

"தாயே, நான் எதுக்காகப் பொறந்தேன்னு காட்டு."

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கன்டெய்னர் கணக்கெடுக்கும் வேலையில் அவன் நன்றாகத்தான் இருந்தான். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே போனில் யாரோ ஒருவருடைய பேச்சைக் கேட்டான். 'உனக்குள்ளே ஒரு தீ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் செத்துவிடாதே' என்றார் அவர். சுடலைக்கண்ணு டிபன் பாக்ஸை மூடினான். மறுவாரம் வேலையை விட்டான்.

முதல் தீ, மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் முந்திரியையும் அடித்து அடுப்பில் வைத்ததில், கூம்பாக நிற்க வேண்டிய மக்ரூன் அப்பளமாகப் படுத்துக்கொண்டது. மிஞ்சிய மஞ்சள்கருவை வீடே பொரித்துத் தின்று தீர்த்தது. அடுத்தது முத்து வளர்ப்பு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் சிப்பிகளைப் போட்டான். முத்து வரவில்லை, வாடை வந்தது. குளித்துவிட்டு வந்த மனைவி அருணாசலவடிவு, "குளிக்கதுக்கு முந்தி நல்லாத்தான் இருந்தேன்" என்று அழுதாள்.

வடிவு நல்லவள். கணவன் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவதுதான் அவளுடைய ஒரே பலவீனம். அவள் அப்பா பெரியநாயகத்துக்கு அந்தப் பலவீனம் கிடையாது. ஏரலில் இரும்புக்கடை வைத்திருப்பவர். பேச்சும் எடைபோட்டுத்தான் வரும்.

"மாப்பிள, விஜயதசமி அன்னைக்கு நம்ம கடைக் கல்லாவுல வந்து உக்காருங்க. அதுக்குள்ள ஒங்க தீ கெடச்சிட்டுன்னா சொல்லுங்க, நான் அண்ணன் மகன வச்சிக்கிடுதேன். கெடைக்கலேன்னா ஆணி நிறுக்க வந்துருங்க."

நாளை ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி. மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிப்போக மாமனார் இன்று சாயங்கால பஸ்ஸில் வருகிறார். ஆணி வாளிக்கு முன்னால் ஆயுசு முழுக்க உட்காருவதை நினைத்தாலே சுடலைக்கண்ணுவுக்கு உள்ளங்கை துருப்பிடித்தது.

"இன்னைக்குக் கண்டுபிடிச்சே தீருவேன் வடிவு!" என்றான், இடுப்பில் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு.

"கண்டுபிடிப்பீங்க. மொதல்ல பேன்ட் நிக்கட்டும்."

வடிவு பெரிய ஊக்கு ஒன்றை எடுத்து மாட்டினாள். அது வளைந்தது. இன்னொன்று மாட்டினாள். அதற்குத் துணையாக இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. பேன்ட் நின்றது. ஆனால் குனிந்தாலும் திரும்பினாலும் ஏதாவது ஒரு ஊக்கு சதையைப் பதம் பார்த்தது. ஆகவே அவன் நிமிர்ந்து, நேரே பார்த்து, மெள்ள நடக்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது கம்பீரமாகத்தான் இருந்தது. ஒட்டுமீசையும் கழுத்தில் விசிலும் சேர்ந்ததும் வடிவு சொன்னாள்: "எனக்கே பயமா இருக்குங்க."

மேளத்தோடு புறப்பட்ட தசராக் குழு துறைமுகத்துக்குப் போகும் ரோட்டு ஜங்ஷனுக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சிக்னல் விளக்கு எரியவில்லை. போலீஸ்காரர்கள் எல்லாரும் குலசேகரன்பட்டினத்துக் கோயில் பாதுகாப்புக்குப் போயிருந்தார்கள். குழு ரோட்டைக் கடக்க வழியில்லாமல் நின்றது.

"வேஷத்துக்காவது பிரயோசனம் வேண்டாமால? போய் நிறுத்து" என்றார் காளி வேஷம் கட்டியிருந்தவர்.

சுடலைக்கண்ணு ரோட்டின் நடுவே போய்க் கையை உயர்த்தினான். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று புஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். அந்த ரோட்டில் தினமும் போய்வரும் பாஸ்கல்.

"என்னவே! அங்கன துறைமுகத்துல கப்பல் காத்துக்கெடக்கு, இங்கன நீரு நிறுத்துதீரு!"

"சாமி கடக்கு, நில்லும்!"

சாமி கடந்தது. கடந்து முடிவதற்குள் டிரெய்லருக்கு முன்னால் கிடைத்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கார்கள் நுழைந்துவிட்டன. அவற்றுக்கு வழிவிட, டிரெய்லரைப் பின்னால் எடுக்கச் சொன்னான். டிரெய்லரின் நீண்ட வால் குறுக்கு ரோட்டை அடைத்தது. குறுக்கு ரோட்டில் வந்த உப்பு லாரியை இடப்பக்கம் ஒதுங்கச் சொன்னான். அது ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று விற்றவர் வண்டிமேல் சாய்ந்தது. வாழைக்கன்றுக்காரர் ஒரு கன்றை ஓங்கிக்கொண்டு வந்தார். இனி சின்ன வண்டிகளையாவது அனுப்பலாம் என்று பைக்குகளுக்குக் கை காட்டினான். மிச்சமிருந்த சந்துகளையெல்லாம் பைக்குகள் நிரப்பின. நாலு பக்கமும் ஹாரன் அலறியது. இப்போது அந்த ஜங்ஷனில் காற்றுகூட இறங்கி நடந்துதான் போக வேண்டும்.

"ஏல, நாங்க முன்னால போறோம். நீ உயிரோட இருந்தா வந்து சேரு" என்று காளி குழுவைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பாஸ்கல் கத்தினார்: "வேய், வேஷக்காரரே! காணிக்கை வாங்கிட்டுப் போவேண்டியதுதானவே! ஒமக்கு எதுக்கு இந்த வேல?"

அந்தக் கேள்வி சுடலைக்கண்ணுவின் நெஞ்சில் தைத்தது. ஊக்கைவிட ஆழமாக. எதுக்கு? அதைத்தானே அவன் அம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்! ஓடிப்போகலாம்தான். ஓடினால் ஏரல், கல்லா, ஆணி வாளி. அவன் பல்லைக் கடித்தான். விசிலை வாயில் வைத்தான்.

"நகத்தாம போமாட்டேன்!"

அந்த நேரம் பார்த்து, ரோட்டின் நடுக்கட்டையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த குரங்கு வேஷம் ஒன்று எழுந்தது. அது அவன் குழுவைச் சேர்ந்ததில்லை. வாய் மட்டும் திறந்த முகமூடி, முழங்கால் வரை தொங்கும் வால். பழத்தோலை மடித்து ஓரமாகப் போட்டுவிட்டு வந்து, சுடலைக்கண்ணுவுக்குப் பின்னால் நின்றது.

"கீச்" என்றது.

"அங்கிட்டுப் போல! நான் முக்கியமான வேலையா இருக்கேன்."

"கீச்."

திரும்பி ஒரு முறை முறைக்கலாம் என்றால் ஊக்கு விடவில்லை. பிளாட்பாரத்தில் நின்ற சனம் சிரித்தது. குரங்கு பின்னால் நின்று கையைக் காலை ஆட்டிப் பழிப்புக் காட்டுகிறது என்பது அவனுக்குப் புரிந்தது. சிரிக்கட்டும். பெரிய காரியம் செய்பவனைப் பார்த்து உலகம் முதலில் சிரிக்கத்தான் செய்யும் என்று போனில் பேசியவரும் சொல்லியிருந்தார்.

அவன் இடது கையை நீட்டி விசிலை ஊதினான்.

உப்பு லாரி அசைந்தது. வாழைக்கன்று வண்டியிலிருந்து விலகி, நேரே வந்து, வழியைவிட்டுப் போனது. டிரெய்லர் வாலை ஒடித்து நிமிர்ந்தது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. சுடலைக்கண்ணுவுக்கு உடம்பு சிலிர்த்தது. வலது கையைக் காட்டினான். இடப்பக்கத்து வண்டிகள் வந்தன. முதலில் குழம்பினான். பிறகு தெளிந்தான். கை எந்தப் பக்கம் போனால் என்ன? மனசில் உறுதி இருந்தால் வண்டிக்கு அது புரிந்துவிடுகிறது! டிரைவர்கள் ஒருவரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவன் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி போனார்கள். மரியாதை. அதிகாரியை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சம் இருக்கத்தானே செய்யும்.

வயிற்றுக்குள் ஏதோ சுட்டது. ஊக்கா என்று தொட்டுப் பார்த்தான். ஊக்கு இல்லை. தீ!

நடுவில் ஒரு தடவை குரங்கு தாகமெடுத்து எதிரே சர்பத் கடைக்குப் போனது. அதை ஓரக்கண்ணால் பார்த்ததில் சுடலைக்கண்ணுவின் கவனம் சிதறிவிட்டது போலிருக்கிறது. மறுபடியும் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. தன் மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது. 'ஒரு குரங்குக்காகக் கவனம் சிதறலாமா? கும்பிட்டுக் கேட்டதை அம்மன் கையில் கொடுத்திருக்கும்போது?' கண்ணை மூடி, மனசை ஒருமுகப்படுத்தி, கண்ணைத் திறந்தான். குரங்கு சர்பத்தைக் குடித்து முடித்துத் திரும்பி வந்திருந்தது. போக்குவரத்து சீராக ஓடிக்கொண்டிருந்தது. சுடலைக்கண்ணு புரிந்துகொண்டான்: எல்லாம் மனசுதான்.

ஏரல் பஸ் அந்த நெரிசலில் சிக்கி நின்றிருந்தது. பெரியநாயகம் பொறுமையிழந்து இறங்கி நடந்து வந்தார். அப்பாவைக் கூட்டிப்போக மோர் பாட்டிலோடு வந்த வடிவும் எதிரே வந்துவிட்டாள். ரோட்டின் நடுவே மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி நிற்பதைப் பார்த்துப் பெரியநாயகம் வாயைப் பிளந்தார்.

"மாப்பிள, இதென்ன கோலம்?"

"மாமா, ரோட்டுல நிக்காதீங்க! ஓரமாப் போங்க!"

மாமனார் ஓரமாகப் போனார். போன பிறகுதான், தான் போய்விட்டதை அவரே உணர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை அவரிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் முறை.

அந்தச் சமயத்தில் தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சுடலைக்கண்ணு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். தலைமுடியில் வகிடு எடுத்தது போல வண்டிகள் இருபுறமும் ஒதுங்கின. ஆம்புலன்ஸ் நிற்காமல் பறந்தது. பிளாட்பாரத்தில் கைதட்டல் எழுந்தது. வாழைக்கன்றுக்காரர்கூடத் தட்டினார்.

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா, பாத்தீங்களா அவங்கள?"

"பாத்தேன்ளா." பெரியநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இது ஆணி நிறுக்கிற கை இல்ல. இம்புட்டு நாளும் நான்தான் தப்பா எடைபோட்டுட்டேன்."

அங்கேயே போனை எடுத்து அண்ணன் மகனைக் கூப்பிட்டார். "ஏல, நாளன்னைக்கு நல்ல நேரத்துல நீ வந்து கல்லாவுல உக்காரு. ஆமா, கடைசியாத்தான் சொல்லுதேன். மாப்பிள வரமாட்டாரு. அவருக்கு வேற பெரிய வேல இருக்கு." போனை மடியில் செருகிக்கொண்டு மாப்பிள்ளை அருகே போனார். "போக்குவரத்துக்கு ஒத்தாசையா ஆள் எடுப்பாவளாம்லா? பூஜை முடிஞ்சதும் நானே கூட வந்து சொல்லுதேன். இந்தக் கைக்கு நான் சாட்சி."

நெரிசல் முழுதாகத் தீர்ந்திருந்தது. வடிவு மோரை நீட்டினாள். சுடலைக்கண்ணு ஒரு மடக்குக் குடித்தான்.

"வடிவு... கெடச்சிட்டு."

"என்னதுங்க?"

"தீ."

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சிப்பி வாடையும் மக்ரூன் அப்பளமும் அந்தப் பிடியில் மறந்துபோயின.

அப்போது துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பி வந்த பாஸ்கல், அவர்கள் பக்கத்தில் வந்து மெதுவாக நிறுத்தினார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று சுடலைக்கண்ணுவுக்குத் தோன்றியது. பெருந்தன்மையோடு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சல்யூட் வைத்தான்.

பாஸ்கல் அதைக் கவனிக்கவில்லை. அவனுடைய தோளுக்கு மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"ஏட்டையா, நேத்திக்கடனுக்குன்னு லீவு போட்டுக் கொரங்கு வேஷம் கட்டியும் ஒங்க ஜங்ஷன் ஒங்கள விடலியே! அந்தக் கை வீச்சப் பாத்ததும் நீங்கதான்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு, இல்லேன்னா முன்னால நிக்கிற இவரு காட்டுன கைக்கு இந்நேரம் அம்புட்டு வண்டியும் கடலுக்குள்ளல்லா போயிருக்கும்!"