அடிக்குறிப்பில் இருக்கும் மாதேஸ்வரி எழுதுவது

உத்தனப்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய முனைவர் ராஜ்குமார் ஐயா அவர்களுக்கு, உத்தனப்பள்ளி ஆஞ்சப்பன் மனைவி மாதேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் கணவர், இரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தையும், தங்கள் வீட்டார் சுகத்தையும், தங்கள் ‘ஊமை மலைகளின் பாட்டு’ என்ற நூலின் சுகத்தையும் அறிய விரும்புகிறேன். நூல் சுகமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் நான்தான்.

என்னைத் தாங்கள் போன மாதம் கருத்தரங்கில் பார்த்தீர்கள். அதற்கு முன்பே தங்கள் நூலின் எண்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பில் நான் இருக்கிறேன். ‘இப்பாடலை மாதேஸ்வரி அருளியதாக இம்மலைப் பெண்கள் நம்புகின்றனர். இவள் எல்லைப்புறத்துச் சிறுதெய்வமாகலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நான் சிறுதெய்வம் இல்லை. ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் செய்யும் கம்பெனியில் மூன்றாவது லைனுக்கு லீடர். வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். தமிழில் எண்பத்தெட்டு மார்க்.

பாட்டு வந்த கதையைத் தாங்கள் யாரிடமும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில் ஒரு நாள் காலை ஏழேகால் மணிக்கு எங்கள் கம்பெனி பஸ் சானமாவு காட்டுக்குள் போகும்போது ரோட்டில் யானைகள் நின்றன. பெரியது நான்கு, குட்டி ஒன்று. வனத்துறை ஆட்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். குட்டி ரோட்டைக் கடப்பேனா என்றது. பெரியவை அதைத் தள்ளவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. ஐம்பது நிமிடம் ஆயிற்று. பஸ்ஸில் இருந்த முப்பத்தெட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் வாட்சைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். யானை என்று சொன்னேன். “போன வாரம் டயர் பஞ்சர், இந்த வாரம் யானையா? லெட்டர் வாங்கிட்டு வந்தீங்களா?” என்றார். “யார்கிட்டங்க சார், யானைகிட்டயா?” என்று கேட்டேன். நான் கேட்டது தப்பு என்று முப்பத்தெட்டுப் பேருக்கும் லேட் போட்டு, அரை நாள் ஆப்சென்ட்டும் ஆக்கிவிட்டார். அன்று டீ இடைவேளையில் கோபம் தாங்காமல், கெட்டுப்போன ஒயரில் கட்டும் சிவப்பு அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். எல்லா வரியும் ஒரே மூச்சில் எனக்கே தோன்றியவை:

சானமாவு ரோட்டில் யானை நின்றது.
பஸ் நின்றது. நாங்கள் நின்றோம்.
யானைக்கு யாரும் லேட் போடவில்லை.
எங்களுக்குப் போட்டார்கள்.
நாளைக்கு நானே குறுக்கே நிற்பேன்,
ஹாரன் அடித்துப் பார்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வருபவர் சரசம்மா அக்கா. பேக்கிங் பிரிவில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்தான் அதற்கு ஒரு ராகம் போட்டார். நான் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது பஸ் விட்டுப் பஸ், ஷிப்ட் விட்டு ஷிப்ட் போய், கடைசியில் தளியில் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்தில், அதாவது பாலிஹவுஸில், வேலை செய்யும் சரசம்மா அக்காவின் நாத்தனார் நாராயணம்மா போனுக்கும் போய்விட்டது. அங்கேதான் தாங்கள் ரெக்கார்டருடன் வந்தீர்கள். அன்று நடந்ததை நாராயணம்மா என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். “நாங்க பூ அறுத்துக்கினு பாடிக்கினு இருந்தோம் மாதேசு. அந்த சார் வந்து, யாரும்மா இதைக் கொடுத்தாங்கன்னு கேட்டாரு. நம்ம மாதேஸ்வரி கொடுத்ததுங்க சார்னேன். அவரு உடனே செருப்பைக் கழட்டிட்டாரு. பாலிஹவுஸுக்குள்ள செருப்பு கூடாதுன்னு தெரிஞ்ச மனுசன்போலன்னு நாங்க நெனச்சோம்.” தாங்கள் எதற்குக் கழற்றினீர்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

நூலை எங்களுக்குக் கொண்டுவந்தவள் சுசித்ரா. சரசம்மா அக்காவின் மகள், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். தங்கள் நூல் அவளுக்குப் பாடம். ஒரு சாயங்காலம் ஓட்டமாய் ஓடிவந்து, “அத்தை, நீ சாமி ஆயிட்ட!” என்றாள். உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். ‘கானகப் பாதையில் களிறு நின்றது, வண்டி நின்றது, வஞ்சியர் நின்றோம்’ என்று ஆரம்பித்தாள். என் பாட்டு என்று எனக்கே தெரியவில்லை. சரசம்மா அக்கா, “ஏம்மே, வஞ்சியர்னா யாரு? வஞ்சிக்கிறவங்களா?” என்று கேட்டார். லேட் என்ற சொல் போய்க் குற்றம் வந்துவிட்டது. ஹாரன் போய்க் கொம்பு ஆகிவிட்டது. ‘பிற்காலத்தில் புகுந்த ஆங்கிலச் சொற்களை நீக்கி மூல வடிவம் மீட்கப்பட்டுள்ளது’ என்று கீழே வேறு போட்டிருக்கிறீர்கள். மீட்ட பிறகு பாட்டில் ஆங்கிலமே இல்லாததால் அது ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் பிறந்தது, வயது நூற்றைம்பதுக்கு மேல் என்றும் முடிவு செய்திருக்கிறீர்கள். களிறு என்பது வெள்ளையர் அரசு, வண்டி என்பது நம் நாடு, உள்ளே வாயில்லாமல் உட்கார்ந்திருப்பவள் இந்தியப் பெண் என்று பதினொரு பக்கம் விளக்கம். என் கணவர் வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். “நூத்தம்பது வயசு பொம்பளைக்கா நான் தாலி கட்டினேன்?” என்றார். அன்று ராத்திரிச் சோற்றை அவரே போட்டுக்கொண்டார்.

சிரித்து முடித்த பிறகு நூலை வாங்கி நானே ஒரு தடவை படித்தேன். நான் இதுவரை எழுதியதில் நாலு பேர் வாயில் நின்றது அந்த ஒன்றுதான். அதில் எழுதியவள் என்று என் பெயர் இல்லை. தங்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாம் முறை எடுத்து, “கருத்தரங்கில் இருக்கிறேன், பிறகு பேசுங்கள்” என்றீர்கள். சரி, கருத்தரங்கிலேயே பேசலாம் என்று நானும் சரசம்மா அக்காவும் லீவு போட்டுவிட்டுத் தாங்கள் பேச வந்த சுசித்ராவின் கல்லூரிக்கு வந்தோம். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்து, “சமையல் ஆளுங்க பின்வாசல்ல போங்க” என்றார். மேலே கட்டியிருந்த பேனரில் ‘விளிம்புநிலைப் பெண்களை வரவேற்கிறோம்’ என்று இருந்தது. சரசம்மா அக்கா அதைக் கையால் காட்டி, “அது நாங்கதாம்மா” என்றார்.

அரங்கத்தில் தாங்கள் நன்றாகப் பேசினீர்கள். பொய் சொல்ல மாட்டேன். நம்மை ஆண்ட வெள்ளையர்கள் நம் ஊர்ப் பெயர்களை வாய்க்கு வந்தபடி எழுதினார்கள், நம் பெண்களுக்குப் பேசத் தெரியாது என்று முடிவு கட்டி அவர்களுக்காகத் தாங்களே பேசினார்கள், நம் கவிதைகளில் பெண் குரலைத் தேடினால் பெண்ணைப் பற்றி ஆண் எழுதியதே கிடைக்கிறது என்றீர்கள். இதற்குப் பின்காலனியம் என்று பெயர் என்று சுசித்ரா காதில் சொன்னாள். எனக்கு அந்தச் சொல் பிடித்தது. விஷயம் அதைவிடப் பிடித்தது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். அடுத்து திரையில் ஒரு யானைக்குக் கிரீடம் வைத்துக் காட்டி என் பாட்டை எடுத்தீர்கள். என் கால்கள் தாமாக எழுந்துவிட்டன.

“சார், அது என் பாட்டு சார்” என்றேன்.

தாங்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். சிரித்தபடி அவையைப் பார்த்து, “பார்த்தீர்களா? இதைத்தான் சொன்னேன். கூட்டுக் குரலின் வலிமை இது. ஒவ்வொரு பெண்ணும் இதைத் தன் பாடல் என்றே உணர்கிறாள்” என்றீர்கள். அத்தனை பேரும் கை தட்டினார்கள். என் பாட்டு என்னுடையது இல்லை என்பதற்கு நானே சாட்சி ஆகிவிட்டேன். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல் அதுதான், ஐயா.

உட்காருங்கள், கேள்வி நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மேடையில் யாரோ சொன்னார். நான் உட்காரவில்லை. சுசித்ராவுக்கு அன்று மைக் தூக்கிக் கொடுக்கும் பொறுப்பு. அவள் தன் துறைத்தலைவரைப் பார்த்தாள், அவர் வேண்டாம் என்று தலையசைத்தார், அவள் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவளுடைய உள்மதிப்பெண் அந்தத் துறைத்தலைவர் கையில்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். பஸ், லேட், ஹாரன் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து ராகத்தோடு பாடினேன். தாங்கள்தான் முதலில் பேசினீர்கள். “ஆதாரம் ஏதாவது இருக்கிறதா அம்மா?”

சரசம்மா அக்கா போனை எடுத்து வாட்ஸ்அப்பில் தேதியைக் காட்டினார். அது வெறும் வாய்மொழி என்றீர்கள். நான் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கையெழுத்துத்தானே? அச்சில் வந்ததா?” என்றீர்கள். அப்போது நான் சொன்னதை மறந்திருப்பீர்கள் என்பதால் மறுபடி எழுதுகிறேன். “வாயால சொன்னா பாட்டுக்கு ஆளே இல்லங்கறீங்க. எழுதிக் காட்டினா அச்சு இல்லங்கறீங்க. அச்சுல போட்டது நீங்க. எனக்கு எந்த வழிதான் சார் விட்டீங்க?” சமையல்கட்டில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியால் அண்டாவைத் தட்டினார்கள். பின் வரிசை மாணவிகள் எழுந்து நின்றார்கள். எனக்கு விழுந்த இரண்டாவது கைதட்டல். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு வேளையில் தாங்கள் என்னைத் தனியாக அழைத்து, அந்த ஓர் அடிக்குறிப்பை எடுத்தால் மூன்றாம் இயல் முழுவதும் விழுந்துவிடும், அடுத்த பதிப்பில் தகவலாளிகள் பட்டியலில் பதினான்காவதாக என் பெயரைச் சேர்க்கிறேன், பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டீர்கள். முகம் வாடியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, நான் தங்களுக்குத் தகவல் கொடுத்தவள் இல்லை. எழுதியவள். மூன்றாம் இயல் விழட்டும். நாலாம் இயலில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் செய்ததைப் படித்தவனும் செய்துவிட்டான் என்று எழுதினால், அதைவிட நல்ல பின்காலனியம் இந்த ஜில்லாவில் யாரும் எழுத முடியாது. சுசித்ராவும் அப்படித்தான் சொல்கிறாள். அவள் தன் ஆய்வேட்டின் தலைப்பை மாற்றி, கம்பெனி பஸ்களில் பெண்கள் பாடுவதைப் பற்றி எழுதப்போகிறாள். பாடியவர்கள் பெயரோடு.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது: பாட்டில் என் சொற்களைத் திரும்ப வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தெலுங்கு, லைனில் இங்கிலீஷ். கவிதை எனக்குத் தமிழில்தான் வரும். அந்தத் தமிழில் பஸ் உண்டு, அது வெள்ளைக்காரன் விட்டுப்போன வடு இல்லை, தினமும் காலை ஆறு ஐம்பதுக்கு வருகிறது. பாட்டின் தலைமேல், அடியில் இல்லை, தலைமேல் என் பெயர் வேண்டும். செய்யாவிட்டால் தாங்கள் பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்பேன். எனக்கு இன்னும் பதினொரு நாள் லீவு பாக்கி இருக்கிறது. இந்த வருடம் எங்கெங்கே பேசப் போகிறீர்கள் என்ற பட்டியலைச் சுசித்ரா எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதில் முதலில் இருக்கும் சேலம் எனக்குத் தூரம் இல்லை.

எழுத்தில் மரியாதைக் குறைவு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு. குடும்பத்தோடு நீடூழி வாழ்ந்து இன்னும் பல நூல்கள் எழுத வேண்டும், எழுதும்போது ஆளைக் கேட்டு எழுத வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கும்,

ஆ. மாதேஸ்வரி,
பாட்டை எழுதியவர்.

பி.கு.: இன்று திங்கட்கிழமை. தபாலில் போடுவதற்கு முன் இக்கடிதத்தைப் பஸ்ஸில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சரசம்மா அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னக்கா என்றேன். “எல்லா வரியும் ஒரே மூச்சில உனக்கே வந்துச்சா மாதேசு? அன்னைக்கி கம்பெனி வாசல்ல நின்னுக்கினு, யானைக்கு யாரு லேட் போட்டாங்கன்னு கேட்டது யாரு? நீ சிவப்பு அட்டையில எழுதறப்ப நான் பக்கத்துலதானே டீ குடிச்சுக்கினு இருந்தேன்? நீயே சொல்லுவே சொல்லுவேன்னு ரெண்டு வருசமா பாத்துக்கினு இருக்கேன்” என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த வரி அவருடையதுதான். அந்த வரி இல்லாவிட்டால் பாட்டே இல்லை. ஆகவே கூட்டுக் குரல் என்று தாங்கள் சொன்னது பாதி சரி, மேலே நான் எழுதியதில் பாதி தப்பு, இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டில் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது. பாட்டின் தலைமேல் இரண்டு பெயர் போடுங்கள், அவருடையதை முதலில். வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருபது வருடமாகத் தப்பாகவே இருக்கிறதாம். “இதுலயாச்சும் சரியாப் போடச் சொல்லு” என்றார். ச, ர, ச, ம், மா. கடைசித் துணைக்காலை விட்டுவிடாதீர்கள்.