ஒரு கிலோ மிளகுக்கு எத்தனை பலாப்பழம்?

மூன்றாவது நாளாக அந்த ஜீப் வாசலில் வந்து நின்றபோது, சாமை குத்திக்கொண்டிருந்த பாப்பாயி உலக்கையை வேண்டுமென்றே ஓங்கிப் போட்டாள்.

இறங்கியவள் பூங்குழலி. நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் பொருளாதார ஆராய்ச்சி செய்கிறவள். திண்ணனூர் நாடு என்ற மலை ஊர்த்தொகுதியில் நாற்பது வீடுகளில் கேள்வி கேட்டு முடித்துவிட்டாளாம். பாப்பாயியின் புருஷன் செங்கோடனிடம் மட்டும் முடிந்தபாடில்லை.

"ஒரு கிலோ மிளகை விட்டுக்குடுக்க எத்தனை பலாப்பழம் கேப்பீங்கண்ணா? எத்தனை கெடச்சா ரெண்டும் ஒண்ணுதான்னு தோணும்?"

செங்கோடன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் பாப்பாயி பார்த்திராத சிரிப்பு.

"நீங்க சொல்றதையெல்லாம் புள்ளி வெச்சு இணைச்சா சமநோக்கு வளைகோடு வந்துரும்" என்று பூங்குழலி நோட்டில் வரைந்து காட்டினாள். இரண்டு தலைகளும் ஒரே காகிதத்தின்மேல் குனிந்தன. வளைவது கோடு மட்டுமல்ல என்று பாப்பாயிக்குப் பட்டது.

மறுநாள் விடிந்ததும் அவனை மரவள்ளிக் காட்டுக்கு விரட்டினாள். ஜீப் காட்டுக்கே போனது. வீட்டிலாவது கண்ணெதிரே இருந்தார்கள். இப்போது அதுவும் போயிற்று.

அடுத்த நாள் கூழ் கொண்டுபோகும் சாக்கில் அவளும் போனாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பதில் அவரோடதா மட்டும் இருக்கணும்" என்றாள் பூங்குழலி.

பாப்பாயி கூழை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள். முதல் நாளிலிருந்தே புருஷனுக்கு முகம் கொடுக்காதவள், அன்றோடு பேச்சையும் நிறுத்தினாள்.

சாயங்காலம் அவன், "புள்ள, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்று தொடங்கினான். சட்டியை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு ஜீப் காலையும் மாலையும் வரத் தொடங்கியது.

ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் துணிமூட்டையோடு, பைல் நாட்டு அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏற ரோட்டுக்கு வந்தாள். ஜீப்பில் சாய்ந்து நின்ற சேந்தமங்கலத்து டிரைவர் நவ்ஷாத் அவளைப் பார்த்துப் பதறினான்.

"ஏனுங்கக்கா, மூட்டையோட எங்க?"

"எங்கண்ணன் ஊட்டுக்கு. உங்க மேடம் இனி எடஞ்சலில்லாம கேக்கட்டும்."

"அப்படிப் போயிறாதீங்கக்கா. எதைக் கேட்டாலும் அண்ணன், 'பாப்பாயியக் கேட்டுத்தான் சொல்லோணும், அவ பேசுனதும் வாங்க'ங்கறாரு. நீங்க பேசிட்டீங்களான்னு பாக்கத்தானுங்க ரெண்டு வேளையும் வாரோம்."