ஒன்பது காலடி வேஸ்ட்

பொங்கலூர்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விளங்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை தரணீதரன் அவர்களுக்கு, முதலிபாளையத்திலிருந்து அர்த்தநாரி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், ஒருவருடைய முழங்கால் நீங்கலாக. உங்கள் அக்காவும் நலம். என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் எண்ணை நான் போனில் தடை செய்துவிட்டபடியால் இதைத் தாளில் எழுத நேர்ந்தது.

என் மகள் இந்துமதிக்கு நீளம் தாண்டுதல் சொல்லித்தர நீங்கள் இனி வர வேண்டாம் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? அது சரியான முடிவே என்று விளக்கவே இக்கடிதம். வரும் இருபத்து நாலாம் தேதி விளையாட்டு விடுதித் தேர்வு. நாலே முக்கால் மீட்டர் தாண்டினால் இடம் உறுதி. உங்களிடம் அவள் தாண்டியது நாலு அறுபது. அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். கேட்டால் "மாமா இன்னிக்கு ரெஸ்டுன்னு சொன்னாருங்கப்பா, ரெஸ்டும் ட்ரெய்னிங்தானுங்களாமா" என்கிறாள். பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாய் புரொடக்ஷன் மேனேஜராக இருப்பவன் நான். ஓடாத மெஷினை உற்பத்தியில் சேர்த்துக் காட்டினால் முதலாளி என்னை ஊட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஆகவே நானே ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். லைனில் ஒரு டெய்லர் கை எங்கே போகிறது, எங்கே வீணாகிறது என்று பார்ப்போமே, அதே முறைதான். அவள் காற்றில் இருப்பது அரை விநாடி. அதற்கு முன்னால் பதினாறு காலடி ஓடுகிறாள். அளவு நாடாவை, கால் ஊன்றி எழும்பும் பலகையிலிருந்துதான் பிடிக்கிறார்கள். ஓடிய தூரத்தை யாரும் அளப்பதே இல்லை. அளக்காத வேலைக்கு எதற்கு இத்தனை ஆட்டம் என்று ஒன்பது காலடியை வெட்டி ஏழாக்கினேன். "ஓடாம எப்படீங்கப்பா தாண்டறது?" என்றாள். "மிச்சமாகற தெம்பத் தாண்டறதுல போடு அம்மிணி" என்றேன். துவைத்தால் துணி சுருங்கும் என்று கூட்டி வெட்டுவது நம் தொழில் வழக்கம். தேர்வன்று பயத்தில் இவளும் கொஞ்சம் சுருங்குவாள் என்று கணக்கிட்டு, இலக்கை ஐந்து மீட்டராக வைத்தேன். லீவு கிடையாது, ஞாயிறு ஓவர்டைம்.

காலுக்கு வலு வேண்டும் என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அதற்காக இருபது கிலோ துணி ரோலைத் தோளில் ஏற்றி, கம்பெனி மாடிப்படியில் ஏறச் சொன்னேன். ஒன்பதாவது படியில் ரோல் நழுவி, உருண்டு, பிரிந்து, வாசல்வரை வெள்ளையாக விரிந்தது. அந்த நேரம் பார்த்து, சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்ஷன்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, கட்டிங்குக்குத் துணி விரிக்கறதுல இது புது முறைங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். மணலில் விழுந்தால் சிராய்க்குமே என்று கம்பெனிக்குப் பின்னால் குழி வெட்டி, அதில் கட்டிங் வேஸ்ட் துணியைக் கொட்டி மெத்தையாக்கினேன். மெத்தைதான். முதல் தாண்டலிலேயே இடுப்புவரை புதைந்தாள். பனியன் நாடா இரண்டு காலிலும் சுற்றிக்கொண்டு, எழ முயன்றபோது முழங்கால் பிசகியது. எலும்புக்கு ஒன்றுமில்லை, ஒரு வாரம் போதும் என்றார் டாக்டர். அந்த ஒரு வாரத்தை நான் ரெஸ்ட் என்று எழுதவில்லை, மெயின்டனன்ஸ் என்று எழுதினேன்.

நேற்று தாண்டச் சொன்னேன். மூன்று தொண்ணூறு. ஒரு முறை அல்ல, ஆறு முறையும் மூன்று தொண்ணூறு. ஒரு சென்டிமீட்டர் பிசகாத அந்தத் தரத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆகையால் முறையில் தவறில்லை, உங்கள் உதவியும் தேவையில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் குடும்பத்தார் நோய்நொடி இல்லாமல், மழை தண்ணியோடு நன்றாக இருக்க அங்காளம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
அர்த்தநாரி

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தவள் இந்துமதியேதான். பையில் ஷூவும் தேர்வுவரை பன்னிரண்டு நாளுக்கு மாற்றுத் துணியும் இருக்கின்றன. மேலே உள்ளதைப் படிக்க வேண்டியதில்லை. கால் வலிக்கிறதா என்று நான் கேட்டால் இல்லை என்கிறாள், உங்களிடம் உண்மையைச் சொல்வாள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை, பிள்ளையை நான் கெடுத்துவிட்டேனோ என்று. பையை அடுக்கும்போது, தேர்வன்று அப்பா வரட்டுமா என்று கேட்டேன். "மாமாவக் கேட்டுச் சொல்றனுங்கப்பா" என்றாள். கேட்பாள். வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். வாயைத் திறக்க மாட்டேன்.